எதை முதலில் கேட்பது: நடைபாதையா, வேகக் குறைப்பா, சைக்கிள் பாதையா, நடைமேம்பாலமா?

மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய சாலையை மூடிப் புதிதாகத் தார் போடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தவுடன், குடியிருப்போர் நலச் சங்கங்களில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். நடக்கிறவர்களுக்கு அகலமான நடைபாதை வேண்டும் என்பார் ஒருவர். வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் தனிப்பாதை கேட்பார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், முதலில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்கள் என்பார்கள். சட்டமன்ற உறுப்பினரைத் தெரிந்த ஒருவர், தொகுதி நிதியில் நடைமேம்பாலமே வாங்கித் தருவதாகச் சொல்வார். நான்கையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் எது அலுவலகத்துக்கு எளிதோ அது மட்டும் நடக்கும். மற்றவை ‘பரிசீலனையில்’ இருக்கும். ஆகவே எதை முதலில் கேட்பது என்று சங்கமே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. அந்த முடிவுக்கு உதவும் வகையில், சென்னையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த நான்கையும் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

சென்னையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை இந்திய மாநகராட்சிகளில் முதலில் ஏற்றது சென்னைதான்; ஆண்டு 2014. மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரிய கட்டுமானத்துக்குப் போக வேண்டும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது. கோரிக்கை வைப்பவர்கள் சலுகை கேட்கவில்லை, மாநகராட்சி தானே எழுதிவைத்ததைத்தான் கேட்கிறார்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடலாம்.

## அளவுகோல்கள்

முதல் அளவுகோல் உயிர். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஒரு கோரிக்கை இந்த எண்ணிக்கையைக் குறைக்குமா என்பதை முதலில் கேட்க வேண்டும். தெரு அழகாகுமா என்பது அதற்குப் பிறகு.

இரண்டாவது, யாருக்குப் பயன். 2008 வாக்கில் சென்னைப் பெருநகரில் எடுக்கப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 28 பயணங்கள் நடந்தும், 6 பயணங்கள் சைக்கிளிலும் நடந்தன. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களும் நிறுத்தம் வரை நடந்துதான் போகிறார்கள் என்பதால், நடப்பவர்களின் உண்மையான பங்கு இதைவிடப் பெரிது.

மூன்றாவது, சாலையின் அகலத்தில் அது எடுத்துக்கொள்ளும் இடம். நான்காவது, கட்டி முடித்த பிறகு அதைக் காப்பாற்ற ஆகும் செலவும் உழைப்பும். திறப்பு விழாவோடு எல்லாரும் மறந்துவிடுவது இதைத்தான். ஐந்தாவது, அந்தச் சாலை யாருடையது. சென்னையில் உள் தெருக்களும் பேருந்துச் சாலைகளும் பெரும்பாலும் மாநகராட்சியிடம் உள்ளன, அதிலும் இரண்டுக்கும் வெவ்வேறு பிரிவுகள். முக்கிய நெடுஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. சிக்னலும் வேக வரம்பும் போக்குவரத்துக் காவல்துறையின் கையில். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் பல மாதங்களை விழுங்கிவிடும்.

## அகலமான, தொடர்ச்சியான நடைபாதை

பிளாட்பாரம் இல்லாத பேருந்துச் சாலை சென்னையில் குறைவு. பிளாட்பாரத்தில் நடக்க முடிகிற சாலை அதைவிடக் குறைவு. நூறு மீட்டர் நடந்து பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்: முதலில் பில்லர் பாக்ஸ் எனப்படும் மின்வாரியத்தின் மின்பகிர்வுப் பெட்டி பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அதைத் தாண்டினால் ஒரு வீட்டின் கார் ஏறுவதற்காக நடைபாதையை வெட்டிச் சரிவாக்கியிருப்பார்கள், அடுத்து மருந்துக்கடை வாசலில் குறுக்காக நிறுத்திய ஸ்கூட்டர்கள், பிறகு மூடி பெயர்ந்த வடிகால். பல இடங்களில் நடைபாதை என்பதே மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். அதனால் அது சாலையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்கிச் சலித்து, கடைசியில் தார்ச்சாலையிலேயே நடப்பார்கள்.

ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல், தடையின்றி நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க வேண்டுமானால் ஆகும் அகலம் அந்த 1.8 மீட்டர். 40 அடிச் சாலையில் இருபுறமும் இந்த அகலத்தை ஒதுக்கினாலும் நடுவில் எட்டு மீட்டருக்கு மேல் மிஞ்சும். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே போக அது போதும். அவற்றைப் போகவிடாமல் தடுப்பது இருபுறமும் நிறுத்திவைத்த கார்கள்தான். இடமில்லை என்று பொறியாளர் சொன்னால், எதற்கு இடமில்லை என்று திருப்பிக் கேட்கலாம்.

இந்தத் தேர்வின் சிறப்பு, அது எல்லாருக்கும் பயன்படுகிறது என்பது. தியாகராய நகர் பாண்டி பஜார் சாலை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டபோது, வாகனத்துக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அங்கே ஒரு மாலை நேரம் போய் நின்றால், கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, அகலப்படுத்திய நடைபாதையை முதலில் பயன்படுத்துவது நெரிசலில் சிக்கிய இரு சக்கர வாகனங்கள்தான். அதைத் தடுக்கத் தடுப்புக் கம்பங்கள் நடுவார்கள். அவற்றை நெருக்கமாக நட்டுவிட்டால் சக்கர நாற்காலியும் நுழைய முடியாது. இடைவெளியின் அளவை வரைபடத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டால், சில ஆண்டுகளில் நடைபாதை சாலைக்குச் சமமாகிவிடும். அல்லது அதை உடைத்து உயர்த்த மறுபடியும் ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. ‘நடைபாதை ஆக்கிரமிப்பு’ என்ற சொல் மனுவில் வந்தவுடன் முதலில் அகற்றப்படுவது ஸ்கூட்டரும் அல்ல, பில்லர் பாக்ஸும் அல்ல, பூக்காரம்மாவின் கூடை. பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013இலேயே அருகில் கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடப்பவர் கண்ணில் படும் இடத்தில் இருந்த வியாபாரத்தை மாடிக்கு ஏற்றினால் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை எந்த வியாபாரியும் சொல்லிவிடுவார். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெருக் கடைகள் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. அவர்களைக் கலக்காமல் நடைபாதை கேட்பது சட்டத்துக்கும் பொருந்தாது. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடந்துவரும் பெண்ணுக்கு, திறந்திருக்கும் இட்லிக் கடையின் விளக்கு எந்தக் கண்காணிப்புக் கேமராவையும்விடப் பெரிய துணை என்பதால், நடப்பவர்களின் நலனுக்கும் அது பொருந்தாது. நடக்க 1.8 மீட்டர், அதையொட்டிக் கடைக்கும் மரத்துக்கும் தனிப்பட்டை என்று பிரித்துக் கேட்பதே முறை.

கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, ரயில் நிலையத்துக்குப் போகும் வழி ஆகியவற்றில் இதுவே முதல் தேர்வு. இருபது அடி உள் தெருவில் இதைக் கேட்பதில் பொருளில்லை.

## வேகக் குறைப்பு

நால்வகைக் கோரிக்கைகளில் கவர்ச்சி மிகக் குறைந்தது இது. திறந்துவைக்க ரிப்பன் கட்டும் அளவுக்கு எதுவும் இருக்காது. ஆனால் முதல் அளவுகோலின்படி, அதாவது உயிரைக் காப்பதில், இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரின் முன்பகுதி மோதும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு, 50 கி.மீ. வேகத்தைவிட 65 கி.மீ. வேகத்தில் 4.5 மடங்கு. நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கி.மீ. போதும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டில் வெளியான 2020இன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. குடியிருப்புத் தெருக்களிலும் நகர மையத்திலும் 30 கி.மீ. வரம்பைப் பரவலாக்கிய பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில், 2019ஆம் ஆண்டில் நடந்து சென்றவர் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. சென்னையிலும் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. வரம்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டம் ஏற்கெனவே இருக்கிறது; தெருவின் அமைப்புதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. வேகத்தடை வைத்தால் குறையும். ஆனால் எந்த வேகத்தடை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு ஐ.ஆர்.சி. சொல்லும் மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. அதாவது நீண்டு படிந்த மேடு. நம் தெருக்களில் இருப்பதோ, இரவோடு இரவாக யாரோ சிமென்ட் கலவையைக் கொட்டி எழுப்பிய ஒரு முழ அகலக் கூம்பு. அதில் ஏறும் ஆட்டோவில் இருக்கும் கர்ப்பிணிக்கும், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும், இருட்டில் அதைக் காணாமல் விழும் சைக்கிள்காரருக்கும் அது தண்டனை. வேகத்தடை என்ற கோரிக்கைக்கே கெட்ட பெயர் வந்தது இவற்றால்தான்.

பள்ளி வாசலிலும் கோயில் வாசலிலும் வேகத்தடையைவிட நல்லது உயர்த்திய ஜீப்ரா கிராசிங். நடைபாதையின் மட்டத்துக்குச் சாலையையே மேடாக்கி, மேலே சமதளமாக விட்டு, இருபுறமும் சரிவு கொடுத்துவிடுவார்கள். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். முறையாகச் செய்தால் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தடையில்லாமல் கடக்கும்.

இதன் மறைந்த செலவு தண்ணீர். சாலைக்குக் குறுக்கே மேடு கட்டினால் மழைநீர் ஓடும் வழி மறிபடும். மேட்டின் இரு ஓரங்களிலும் வடிகால் வாயோ அடியில் குழாயோ வைக்காவிட்டால் ஐப்பசி மழைக்கு அங்கே குளம் கட்டி நிற்கும், அடுத்த வாரமே அதே தெருக்காரர்கள் மேட்டை உடைக்கச் சொல்லி மனு கொடுப்பார்கள். இன்னொன்று, ஒரு தெருவில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் குறுக்குவழி தேடும் வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போகும். எனவே பக்கத்துத் தெருச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, நான்கைந்து தெருக்களை ஒரே தொகுதியாகக் கேட்பது நல்லது.

வேகக் குறைப்புக்குச் சாலையில் கூடுதல் இடம் தேவையில்லை, நில ஆர்ஜிதம் இல்லை, மரம் வெட்ட வேண்டியதில்லை. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உள் தெருக்களில் இதைவிடச் சிறந்த வசதி கிடையாது. வண்டிகள் 25 கி.மீ. வேகத்தில் போகும் தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதையே வேண்டாம்.

## பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை

காலை ஐந்தரை மணிக்குச் சென்னையில் இருவகைச் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர் தலைக்கவசமும் பளபளக்கும் சட்டையும் அணிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கிப் போகிறவர்கள். மற்றவர்கள் இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், கேரியரில் சில்வர் டீ கேனைக் கட்டியவர்கள், கொத்து வேலைக்குச் சட்டியோடு போகிறவர்கள். சைக்கிள் பாதை வேண்டும் என்ற குரல் பெரும்பாலும் முதல் வகையினரிடமிருந்து வருகிறது. அதன் தேவையோ இரண்டாம் வகையினருக்கே அதிகம். அவர்கள் போவது கடற்கரை ஓரமாக அல்ல, லாரியும் மாநகரப் பேருந்தும் ஓடும் பெரிய சாலைகளில். பாதையை எங்கே கேட்பது என்பதை இதுவே தீர்மானிக்க வேண்டும்.

கணக்கு இப்படி வரும். ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டரும், வாகனங்களிலிருந்து பிரிக்க அரை மீட்டரும் வைத்தால் இருபுறமும் சேர்த்து 5 மீட்டர். 60 அடிச் சாலை என்பது 18 மீட்டர். நடைபாதைக்கு இருபுறமும் சேர்த்து 5 மீட்டர் போனால் வாகனங்களுக்கு 8 மீட்டர் மிஞ்சும். வாகன நிறுத்தத்தை அறவே எடுத்துவிட்டால் முடியும், எடுக்காவிட்டால் முடியாது. 100 அடிச் சாலையில் தாராளமாக முடியும்.

மறைந்த செலவு சந்திப்புகளில் இருக்கிறது. நேரான சாலையில் பாதுகாப்பாக வந்தவரைச் சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்னால் பாதை கைவிட்டுவிட்டால், இடதுபுறம் திரும்பும் பேருந்தின் சக்கரத்தடியில்தான் அவர் போய் நிற்பார். பேருந்து நிறுத்தங்களில் பாதையை நிறுத்தத்தின் பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்; அதற்கு மேலும் இடம் ஆகும். பிரிப்பு இல்லாமல் வெள்ளைக் கோடு மட்டும் போட்டுச் சைக்கிள் படம் வரைவதை ஏற்கவே கூடாது. அது ஒரு வாரத்தில் கார் நிறுத்துமிடமாகும். பிறகு ‘யாருமே பயன்படுத்தவில்லை’ என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள்.

அரைகுறை முயற்சிகளுக்கு அரசியல் விலையும் உண்டு. டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்துக்கு 2008இல் வந்த, பேருந்துகளுக்கென்றே ஒதுக்கிய தடத்தோடு சைக்கிள் பாதையும் இருந்தது. வாகன ஓட்டிகளின் எதிர்ப்பு ஓயாமல், 2016இல் தடத்தையே இடித்தார்கள். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2020இல் கம்பங்கள் நட்டு அமைத்த தற்காலிகப் பாதை மெட்ரோ பணியில் காணாமல்போனது. மாறாக, ஸ்பெயினின் செவில்யா நகரம் 2006க்கும் 2010க்கும் இடையில் ஏறத்தாழ 120 கி.மீ. பிரிக்கப்பட்ட பாதைகளை ஒன்றோடொன்று இணைந்த வலையாகப் போட்டது; சைக்கிள் பயணம் அங்கே பன்மடங்கானது. துண்டுப் பாதையால் எங்கும் போய்ச் சேர முடியாது.

ஆகவே இரண்டு இடங்களை நேரடியாக இணைக்கிற, 80 அடிக்குக் குறையாத, அடிக்கடி குறுக்குத் தெருக்கள் வந்து சேராத சாலையானால் கேளுங்கள். இல்லையென்றால் வேகக் குறைப்பைக் கேளுங்கள். சைக்கிளுக்கும் அதுவே நல்லது.

## நடைமேம்பாலம்

கிடைப்பதற்கு எளிது, திறப்பு விழாவுக்கு ஏற்றது, வாகனங்களுக்கு ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை. சந்தேகம் வருவதற்கு இந்த மூன்றுமே போதும். சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படிகளானால் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும். 14 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலையைத் தரைமட்டத்தில் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்குப் பன்னிரண்டு நொடி, மெதுவாக நடக்கும் முதியவருக்குப் பதினெட்டு நொடி. கூடையோடு வருபவர் எதைத் தேர்வார் என்பதில் வியப்பில்லை. பிறகு சாலை நடுவே கம்பி வேலி வைப்பார்கள். மக்கள் வேலியை வளைத்து வழி செய்வார்கள். விபத்து நடந்தால் பழி மக்கள் மீதே விழும். லிஃப்டும் நகரும் படிக்கட்டும் வைத்தாலும் மின்கட்டணம், பராமரிப்பு ஒப்பந்தம், இரவுக் காவல் என்று ஆண்டுச் செலவு தொடரும்.

ஆனால் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட, 570 மீட்டர் நீளமுள்ள, 28.45 கோடி ரூபாய் செலவான ஆகாய நடைபாதை இந்தக் கணக்கில் சேராது. ரயிலிலிருந்து இறங்கியவர் தண்டவாளத்தைத் தாண்ட எப்படியும் மேலே ஏறியாக வேண்டும். ஏறியவர் அந்த உயரத்திலேயே ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தவிர்த்துப் பேருந்து நிலையம் வரை போய்விடுகிறார். கூடுதல் ஏற்றம் இல்லாத இடத்தில்தான் மேம்பாலம் வெல்லும். ரயில் பாதை, மெட்ரோ நிலையம், வண்டிகள் நிற்கவே நிற்காத புறவழிச் சாலை ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் இதை ஏற்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.

## காரில்லா ஞாயிறு

2014இல் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தொடங்கியது போன்ற வண்டியில்லாக் காலைகள் கட்டுமானம் ஆகா. திங்கட்கிழமை அதே சாலையில் அதே வேகம்தான். ஆனால் தெருவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத் தயங்கும் கடைக்காரர்களுக்குக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. பெரிய கோரிக்கைக்கு முன்னால் ஒருமுறை நடத்தலாம்; அதையே கோரிக்கையாக வைக்க வேண்டாம்.

## எந்தத் தெருவுக்கு எது

| சாலை | முதலில் கேட்பது | அடுத்தது | ஏற்க வேண்டாதது |
|---|---|---|---|
| 20–30 அடி உள் தெரு | முறையான அளவில் வேகத்தடைகள், தெருத்தொகுதிக்கு 30 கி.மீ. | ஒருபக்க வாகன நிறுத்தம் | ஒரு முழ அகலக் கூம்பு மேடு |
| 40–60 அடி பேருந்துச் சாலை, கடைத்தெரு | 1.8 மீட்டருக்குக் குறையாத தொடர்ச்சியான நடைபாதை | உயர்த்திய ஜீப்ரா கிராசிங் | வெள்ளைக் கோட்டுச் சைக்கிள் பாதை |
| 80–100 அடிச் சாலை | சிக்னலோடு தரைமட்டக் கடப்பு, நடுவில் ஒதுங்கி நிற்க இடம் | பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை | நடைமேம்பாலமும் நடுவேலியும் |
| ரயில், மெட்ரோ நிலைய வாசல் | நிலையப் பாலத்தோடு இணைந்த நடைமேம்பாலம், லிஃப்டுடன் | நிலையம் வரை நடைபாதை | படிக்கட்டு மட்டுமுள்ள பாலம் |

## எப்போது, யாரிடம்

ஒரு சாலையை எதற்காகவேனும் தோண்டியிருக்கும் காலமே கேட்பதற்கு ஏற்ற காலம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மறித்த சாலைகளை முன்பிருந்தபடியே திருப்பிப் போட ஆகும் செலவில் பெரும்பகுதியைக் கொண்டே, நடைபாதையை அகலமாக்கியும் போட்டுவிடலாம். ஒப்பந்தம் முடிவான பிறகு அதே வேலைக்குத் தனி நிதி தேட வேண்டியிருக்கும்.

மாநகராட்சிச் சாலையானால் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, அதன் நகலோடு கவுன்சிலர் வழியாக மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். உடைந்த மூடி, எரியாத விளக்கு போன்றவற்றுக்கு 1913 எண் போதும். வடிவமைப்பு மாற்றத்துக்கு அந்த எண்ணில் புகார் கொடுத்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவார்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையானால் கோட்டப் பொறியாளர். சிக்னல் நேரத்துக்குப் போக்குவரத்துக் காவல்துறை.

கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதைக்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. 2014ஆம் ஆண்டுக் கொள்கையின் 60 விழுக்காட்டு விதியையும் இந்த உத்தரவையும் மேற்கோள் காட்டி, ‘இந்தச் சந்திப்பு முதல் அந்தச் சந்திப்பு வரை, இடப்பக்கம், 1.8 மீட்டர், விளிம்பு 150 மில்லிமீட்டர், வீட்டு வாசல்களில் வெட்டாமல்’ என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதி, கைபேசியில் எடுத்த படங்களை இடவாரியாக எண்ணிட்டு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.